ஒரே பெயரில் இருவர்

கேட்பாரற்ற பிணங்களை வாங்கி எரிக்கும் அறக்கட்டளை அது. எரிக்கும் முன் முகத்தைப் படம் எடுப்பார்கள். படம் இணையத்தில் கிளவுட் சேமிப்புக்குப் போகும். ஆளைக் காணோம் என்று வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் அழுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

கம்ப்யூட்டர் வேலை ஹெப்சிபாவுடையது. முப்பது வயதுகூட இல்லை. அவளிடம் பைத்தானில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார் கதிர்வேலு. பேத்தி எடுத்தவர். படங்களை மேலே ஏற்றிவிட்டுப் போனிலிருந்து அவற்றைத் துடைத்துவிடும் புரோகிராம் அவர் எழுதியது. முதல் புரோகிராம். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று அரூர்ப் பக்கத்திலிருந்து மாதையன் வந்தார். ரயிலேறப் போன மகன் திரும்பவில்லை. தேதி சொன்னார், ஜங்ஷன் ஸ்டேஷன் என்றார். கதிர்வேலு தேடிக் காட்டினார். ஒரே ஒரு படம்; வேறு இல்லை என்றார்.

"இது எம்மவன் இல்லைங்க சார்!"

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே டீ குடிக்கப் போனார். பஸ்ஸுக்கு நேரமிருந்தது.

வேன் டிரைவர் அந்தோணி படத்தை எட்டிப் பார்த்தான். "அன்னிக்கு ஜங்ஷன்லருந்து ரெண்டு பையனுங்களை ஏத்திட்டு வந்தேனே. இன்னொருத்தன் எங்க சார்?"

கதிர்வேலு ஹெப்சிபாவிடம் ஓடினார்.

"மேடம், ரெண்டுல ஒண்ணக் காணோம். எரரே வரல."

"ஃபைலுக்கு என்ன பேர் வெச்சீங்க?"

"தேதியும் ஸ்டேஷனும்."

அவள் திட்டவில்லை. "உங்க பேத்தி போட்டோ ஒண்ணு குடுங்க."

கொடுத்தார். 'கண்ணு' என்று பெயரிட்டு ஏற்றினாள். மேஜையிலிருந்த எச்சில் டீ கிளாஸைப் படம் பிடித்தாள். அதையும் 'கண்ணு' என்றே ஏற்றினாள்.

"எரர் வந்துச்சா?"

"இல்ல மேடம்."

"திறங்க."

டீ கிளாஸ் மட்டும் இருந்தது. கதிர்வேலு அவசரமாகத் தன் போனைத் தடவிப் பார்த்தார். பேத்தி அங்கே சிரித்தாள்.

"நான் போனைத் துடைக்கல," என்றாள் ஹெப்சிபா.

அவர் உட்கார்ந்துவிட்டார். "பழசைத் திருப்பி எடுக்க..."

"பழைய காப்பியையும் வெச்சுக்கச் சொல்லி கிளவுட்ல நம்ம பக்கெட்டுக்கு வெர்ஷனிங் போடணும். போட்டீங்களா?"

"இல்ல. போலீஸ்ல இருக்காதா?"

"அவங்க நம்ம லிங்க்கைத்தான் வெச்சிருக்காங்க."

உடல் எரிந்து மாதமாகிவிட்டது.

ஜன்னல் வழியே மாதையன் தெரிந்தார். போனில் கத்திக்கொண்டிருந்தார். "இங்க இல்லடி! நம்ம பையன் இல்ல! எழுந்து அடுப்பப் பத்த வை, சாப்புடு!"

கதிர்வேலு குரலைத் தாழ்த்தினார். "சந்தோஷமாப் போறார் மேடம். அழிஞ்சது அவர் பையன்தான்னு யாருக்குத் தெரியும்? தேடினேன், இல்ல. இல்லைன்னேன். இதுல பொய் எங்க இருக்கு?"

ஹெப்சிபா 'கண்ணு'வை அழித்தாள். கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்ப 'கண்ணு'வைக் கேளுங்க."

கேட்டார். 'இல்லை' என்றது.

"நாம ஏத்தவே ஏத்தாத பேர் ஒண்ணு கேளுங்க."

கேட்டார். அதே 'இல்லை'.

"அழிஞ்சதும் ஏத்தாததும் கம்ப்யூட்டருக்கு ஒண்ணுதான்," என்றாள். "உங்களுக்குமா? போய் அவர்கிட்ட சொல்லுங்க சார், பஸ்ஸை எடுத்துடப் போறான்."