எங்க வீடு, நம்ம வீடு

மூணு ஆத்துலயும் வருசம் முழுக்கத் தண்ணி ஓடின காலம்னு வச்சுக்கோங்க கண்ணுகளா. அப்போ ஒரு ஊர்ல மிளகு யாவாரி ஒருத்தர் இருந்தாரு. செவந்தியப்பன்னு பேரு. பொண்டாட்டி செத்துப் பல வருசம் ஆச்சு. இருந்தது ஒரே மக, உலகம்மா. அவளையும் மூணு ஆறு தாண்டிக் கட்டிக் குடுத்தாச்சு. அம்மாம் பெரிய வீட்டுல மனுசன் தனியாக் கெடந்தாரு.

உலகம்மா புருசன் கப்பலேறிப் போனான், திரும்பலை. கொஞ்ச நாள்ல அவளுக்கு இருமல் பிடிச்சுக்கிச்சு. வண்டிக்காரன் மாசானத்துக்கிட்ட அப்பாவுக்குச் சேதி சொல்லி விட்டா.

மாசானம் யாருன்னு சொல்லணுமே. வாய் ஓயாத ஆளு. அவன் பேசிக்கிட்டே ஓட்டினாத்தான் அவன் மாடு நடக்கும், பேச்சை நிறுத்தினா நின்னுரும். ஒரு தடவை தொண்டை கட்டிப் போயி, ஆத்து நடுவுல ஒரு பகல் முழுக்க நின்னானாம். மீனெல்லாம் வந்து சக்கரத்தை மோந்து பாத்துச்சாம். அது கெடக்கட்டும்.

மாசானம் வந்து சேதி சொன்னான். "எனக்குன்னு இங்க யாருமில்லை, நம்ம வீட்டுக்கு வந்துருங்கப்பான்னு சொல்லச் சொல்லுச்சுய்யா."

செவந்தியப்பன் சிரிச்சாரு. "நம்ம வீடா? அது ஓலைக் குடிசைடா. கால் நீட்டினா தலை வெளிய கெடக்கும். இந்த வீட்டைப் பூட்டிப் போட்டா கரையான் ஏறிரும். வித்துட்டு வரேன்னு சொல்லு."

விக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொன்னாரு. மொதல்ல ஒரு வெல்ல யாவாரி வந்தாரு. இவரு முன்னால நடந்து காட்டினாரு. "இது எங்க கிணறு. எங்க அப்பா வெட்டினது. எங்க ஆளுங்களைத் தவிர வேற யாரும் இதுல எறைச்சதில்லை." வந்தவரு ஒரு செம்புத் தண்ணி குடிச்சாரு. இளநி மாதிரி இருக்குன்னாரு. யோசிச்சுச் சொல்றேன்னு போனாரு. போனவரு போனவருதான்.

ரெண்டாவதா ஒரு வாத்தியார் வந்தாரு. "இது எங்க முற்றம். எங்க உலகம்மா நடை பழகினது இங்கதான். அந்தக் கல்லை மட்டும் மிதிக்காதீங்க." வாத்தியார் கல்லைச் சுத்தி நடந்தாரு. சுத்தினபடியே வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாரு.

வீடு ஏன் விக்கலை? இவருக்குப் புரியலை. மனை பாக்கிறவரைக் கூட்டிட்டு வந்தாரு, அவரு வாசப்படிய மூணு சாண் தள்ளி வைக்கச் சொன்னாரு. வச்சாரு. சுண்ணாம்பு அடிச்சாரு. கண் பட்டிருக்கும்னு பூசணிக்காய் கட்டினாரு. அதை ஒரு கொரங்கு அத்துத் தின்னுட்டு, கூரை மேல உக்காந்து கொட்டைய ஒவ்வொண்ணாத் துப்பிச்சு. ஊர்ல ஒரு மாசம் அதே பேச்சு. அப்புறம், இத்தனை நாள் விக்கலைன்னா உள்ள ஏதோ இருக்குன்னு கெளப்பி விட்டாங்க. வீடு கெடக்கக் கெடக்க ஊர் வாய்தானே வளரும்.

மாசானம் மறுபடி வந்தான். "காய்ச்சல் விடலைய்யா. எந்திரிச்சு ஒரு வாய் தண்ணி மொண்டு குடிக்க முடியலை. வீடு இருந்தா இருக்கட்டும், நம்ம வீட்டுக்கு வாங்கப்பாங்குது."

"வித்துட்டு வரேன்னு சொன்னேன்ல. ஒரு மாசம் பொறுக்கச் சொல்லு."

மூணாவதா செக்குக்காரர் ஒருத்தர் பொண்டாட்டி ராக்குவோட வந்தாரு. கைல பண முடிப்போட வந்தாங்க, பாத்ததும் வாங்கிர்ற எண்ணம். இவரு ஆரம்பிச்சாரு. "இது எங்க அடுப்பங்கரை. இது எங்க மாடம். எங்க வீட்டுப் பொம்பளைங்க மட்டுந்தான் இதுல வெளக்கு வைப்பாங்க."

ராக்கு புருசனைத் திரும்பிப் பாத்தா. "ஏன்யா, பெரியவரு எங்க, எங்கங்கிறாரே. நாம எங்க போயிப் படுக்கிறது? கூரை மேல கொரங்கு பக்கத்துலயா?"

புருசன் சிரிச்சுட்டாரு. அவ சிரிக்கலை. "நல்ல வீடுதான். ஆனா இவரு இன்னும் வீட்டை விட்டுக் கெளம்பலையே. வா போலாம்."

செவந்தியப்பனுக்குக் கோவம் வந்துச்சு. வாய்த்துடுக்குக்காரின்னு ரெண்டு நாள் முணுமுணுத்தாரு.

மூணாம் நாள் மாசானம் வந்தான். பேசாம வந்தான். மாட்டை மூக்கணாங்கயித்தைப் பிடிச்சு, கூடவே நடந்து கூட்டிட்டு வந்தான்.

"என்னடா சொன்னா?"

"இந்தத் தடவை ஒண்ணும் கேக்கலைய்யா."

உள்ள போனாரு. பூட்டு ஆணியிலதான் தொங்குச்சு. எடுத்துப் பூட்டினாரு, ஒரு திருகு. அவ்வளவுதான் வேலை. ஒரு வருசமா அது அங்கயேதான் தொங்கிச்சு.

மொத ஆத்தைத் தாண்டினாங்க. ரெண்டாவது ஆத்தைத் தாண்டினாங்க. மூணாவது ஆத்துல வெள்ளம், நாலு நாள் கரையில உக்காந்திருந்தாங்க.

குடிசை வாசல்ல பக்கத்து வீட்டுக்காரி நின்னா. இவரு மூஞ்சியைப் பாத்ததும் யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு.

"மூணு நாள் ஆச்சுங்கய்யா," ன்னா. "தினம் ரெண்டு தட்டு கழுவி வைக்கச் சொல்லும். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அப்பாவுக்கு, இது நம்ம வீடாச்சேங்கும். கடைசி நாளும் வச்சேன்."

உள்ள எட்டிப் பாத்தாரு. ரெண்டு தட்டும் கவுத்து வச்சிருந்துச்சு. அப்போதான் ராக்கு சொன்னது அவருக்கு வெளங்கிச்சு. ஒவ்வொரு ரூமாக் காட்டி, ஒவ்வொரு தடவையும் எங்க எங்கன்னு, வந்தவங்களைக் கைபிடிச்சு வெளிய தள்ளினது தான்தான்னு.

காரியமெல்லாம் முடிச்சு ஊருக்கு வந்தாரு. நேரா செக்கடிக்குப் போயிச் சாவியை நீட்டினாரு.

"உங்க வீடும்மா. போயிப் பாத்துக்கோங்க. நான் வரலை."

வெத்தலை மடிக்கிற நேரத்துல வித்துப் போச்சு. ராக்கு அவரு மூஞ்சியைப் பாத்தா. மோர் குடுத்தா. குடிச்சாரு, போயிட்டாரு.

குடிசைக்குத் திரும்பிப் போயி உக்காந்தாரு. ரெண்டு தட்டையும் நிமுத்தி வச்சாரு. "நம்ம வீடு"ன்னு சொல்லிப் பாத்தாரு. எங்கன்னு சொல்லலாம், என்னுதுன்னு சொல்லலாம். நம்மன்னு சொல்ல எதுத்தாப்புல இன்னொரு ஆளு வேணுமே. அவரு சாகுற வரைக்கும் ரெண்டாவது தட்டு அப்படியேதான் இருந்துச்சு.

அதனால கண்ணுகளா, விட மனசில்லாத பொருளைச் சாக்கா வச்சு, நமக்காகக் காத்திருக்கிறவங்களைக் காக்க வைக்கக் கூடாது.