கடைசி வெட்டும் பல்லியின் வாலும்

அந்தக் காலத்தில் பல்லிகளுக்குப் பேச்சு உண்டு. வால் கழன்று விழும் வழக்கம் இல்லை. ஓர் ஐப்பசி நாள், பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். வேலாத்தாள் வீட்டுப் பின்புறக் கொட்டகையின் தகரக் கூரையில் தூறல் நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் தன் கடைசல் இயந்திரமான லேத்தில் ஒரு பித்தளை உருளையைக் கடைந்துகொண்டிருந்தாள். உளி பட்ட இடத்தில் பொன்னிறச் சுருள் உரிந்து வழிய, அடியில் புதுப் பளபளப்பு திறந்தது. அதைப் பார்க்கத் தொடங்கினால் அவளுக்குப் பசியும் நேரமும் மறந்துவிடும்.

"காப்பி ஆறுது, வேலாத்தா! மெசினுக்கே ஊத்தட்டுமா?" என்று வீட்டுக்குள்ளிருந்து கேட்டான் அவள் கணவன் சென்னியப்பன்.

"வந்துட்டனுங்க!"

லேத்தை நிறுத்தினாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டுக் கை துடைத்தாள். போகும் முன் உருளையை அளந்து பார்த்தாள். ஒரு மயிரிழை கூடுதல்.

"ஒரே ஒரு வெட்டு," என்று திரும்பினாள்.

"முந்தானையைச் செருகிக்கோ, அம்மிணி," என்றது சுவரிலிருந்த பல்லி.

"தினமும் இதே பாட்டு. எனக்கு மாமியாராட்டம் பேசாத," என்று சிரித்தபடி சுவிட்சைப் போட்டாள்.

மோட்டார் இரைந்தது. உருளையைக் கவ்விய சக் என்ற இரும்புப் பிடி அவளுக்கு இடப்பக்கம் சுழன்றது. பளபளப்பைப் பார்க்க அவள் குனிந்தாள். இடத்தோளிலிருந்து முந்தானை வழுக்கி, சக்கை நோக்கி இறங்கியது. சக் அதைப் பிடித்தால் கழுத்தோடு சுற்றி இழுத்துவிடும்.

பல்லி கத்தியது. அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கத்தியது. முந்தானைக்கும் சக்குக்கும் இடையே நான்கு விரல், மூன்று விரல்.

பல்லி அவள் கன்னத்தில் பாய்ந்தது.

அவள் அலறிப் பின்வாங்கினாள். முந்தானை விலகியது. ஆனால் லேத்தின் மேல் விழுந்த பல்லியின் வால்நுனியைச் சக் கவ்விக்கொண்டது. உடல் இழுபட்டது. பல்லி நான்கு கால்களையும் இரும்பில் ஊன்றி, பற்களைக் கடித்து, தன் வாலைத் தானே கழற்றி விட்டுவிட்டது.

வேலாத்தாள் சுவிட்சை அணைத்தாள். மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. பித்தளைச் சுருள்களுக்கு நடுவே வால் துடித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு தடவை கத்தினேனே, அம்மிணி."

"மோட்டார் சத்தத்துல கேக்கலையே," என்றாள் வேலாத்தாள்.

"அப்புறம் எனக்குப் பேச்சு எதுக்கு? இனிமேல் மெசின் ஓடறதுக்கு முன்னாடியே நாக்கைத் தட்டுவேன். அவ்வளவுதான்."

அதுவே பல்லி பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் காலை சென்னியப்பன் காப்பியைக் கொட்டகை வாசலுக்கே கொண்டுவந்தான். கூப்பிடாமல் காத்து நின்றான். வேலாத்தாள் அதே உருளையைச் சக்கில் பொருத்தினாள். மயிரிழை இன்னும் பாக்கி இருந்தது. வாலில்லாத பல்லி சுவரில் ஏறி 'ச்சு ச்சு' என்று நாக்கைத் தட்டியது. சுவிட்சுக்குப் போன அவள் கை பாதியில் நின்று, இடுப்பைத் தொட்டு, முந்தானை செருகியிருப்பதை உறுதி செய்துகொண்டது.

ஆபத்தில் பல்லி வாலைக் கழற்றுவதும், அதன் ஒலி கேட்டதும் நம் கை ஒரு கணம் தயங்கி நிற்பதும் அந்த ஐப்பசியிலிருந்து வந்தவைதான்.