கல்லுக்குக் கீழே இருப்பவள்

"சாமி, நான் செத்துப்போனேன்னு எம்மக வருசா வருசம் படையல் போடறாளாம். நான் இங்க உசுரோட சாணி அள்ளிட்டிருக்கேன். இது அடுக்குமா?"

கேட்டவள் வேலாத்தா. ஒரு காலத்தில் அவளைக் கேட்காமல் கணவாயைத் தாண்டிய வண்டி கிடையாது. இப்போது மொட்டைத் தலை, காவித் துணி, மலைமேல் ஒரு மடம்.

சாமியார் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அடுக்காட்டி என்ன பண்ணப் போறே?"

"அவ முன்னால போய் நிக்கோணும். ஆத்தா சாகலை கண்ணுன்னு சொல்லோணும்."

"போ."

"தடுக்க மாட்டீங்களா?"

"தடுத்தா நிப்பியா?"

அவள் சாணிக் கூடையை இறக்கி வைத்தாள்.

சிப்பாய்கள் கணவாயை வளைத்த அன்று, வேலாத்தாவின் சிவப்புச் சேலையையும் வெள்ளிக் காப்பையும் மாட்டிக்கொண்டு வேறொருத்தி பாறைமேல் ஏறி நின்றாள். அவளுடைய கொள்ளைக் கூட்டத்துக்குச் சோறாக்கிப் போட்டவள். துப்பாக்கியெல்லாம் அவள் பக்கம் திரும்பியது. வேலாத்தா ஓடைக்குள் இறங்கி, எல்லை தாண்டி, இந்த மலை ஏறிவிட்டாள்.

முகம் சிதைந்த உடலை ஊர் ஜனம் வேலாத்தா என்றே புதைத்தது. மேலே கல் நட்டது. கல் சாமியாகிவிட்டது. அண்ணன் வீட்டில் விட்டிருந்த மகளும் அப்படியே நம்பிவிட்டாள்.

சாமியார் உள்ளே போய் ஓர் அகல் விளக்கோடு வந்தார்.

"கல்லுக்குக் கீழ இருக்கறவளுக்கு முதல்ல இதை ஏத்து. பேரைச் சொல்லி ஏத்து. அப்புறம் மகளோட பேசு."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. பேர் சொல்லாமல் ஏற்றினால் செத்தவளுக்கு வெளிச்சம் போய்ச் சேராது.

*

கல்லைச் சுற்றிக் கூட்டம். பொங்கல் கொதித்தது. உடுக்கைக்காரன் கதையில் ஏறிவிட்டான்.

"ஆத்தா ஏழடி உசரம்! அவ தும்மினா கணவாயில குதிரை மெரளும்!"

"ஏழடியா?" என்றாள் வேலாத்தா. அவன் தோளுக்குக்கூட எட்டமாட்டாள்.

"ஏனுங்க சாமியம்மா, கொறச்சுச் சொல்லிப்போட்டனா?"

ஜனம் சிரித்தது. கல்லுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. யாரென்று வேலாத்தா கேட்க வேண்டியிருக்கவில்லை. நெற்றிச் சுழி அப்படியே இருந்தது. பாவாயி.

"உங்காத்தாளா, அம்மிணி?"

"ஆமாங்க. மாமன் வீட்டுல என்னைத் திருடி மகள்னுதான் கூப்பிடுவாங்க. கூப்பிட்டுட்டுப் போகட்டும். எங்காத்தா நெனச்சிருந்தா ஓடியிருக்கலாமுங்க. ஓடலை. மத்தவங்க தப்பிக்கட்டும்னு பாறைமேல ஏறி நின்னா. அந்த ஒண்ணை வெச்சுத்தான் நான் தலை நிமிந்து நடக்கறேன்."

சொல்ல வந்ததை விட்டுவிட்டு, வேலாத்தா அகல் விளக்கைக் கல்லின் முன்னால் வைத்தாள்.

"விளக்கு கொண்டாந்திருக்கீங்களே. பேரைச் சொல்லி ஏத்துங்க."

வேலாத்தா அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்தாள். திரி பற்றிக்கொண்டது. தன் பேரையே சொல்லிவிட்டு மலை ஏறிவிடலாம். மகளுக்கு ஆத்தா மிஞ்சுவாள். பக்கத்தில் மகள் காத்துக்கொண்டு நின்றாள்.

"நஞ்சாயி" என்றாள்.

"அது ஆருங்க?"

"கீழ இருக்கறவ. எங்களுக்குச் சோறாக்கினவ. உங்காத்தா சேலையைக் கட்டிக்கிட்டு நின்னவ."

"அப்ப எங்காத்தா?"

"ஓடிட்டா, கண்ணு."

பாவாயி அந்த மொட்டைத் தலையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். அவள் விரல்களில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது.

*

சாமியார் அதே குழியில் தோண்டிக்கொண்டிருந்தார்.

"மக தெரிஞ்சுக்கிட்டாளா?"

"தெரிஞ்சுக்கிட்டாளுங்க."

"ஆத்தான்னு கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டாளுங்க."

மண்வெட்டி நின்றது.

"உன்னையா?"

"கல்லைங்க."