தூளியில் தூங்கிய கொலைகாரன்

அன்று காலை கீற்றுப் பந்தலுக்குப் பின்னால் இருந்தவர்கள்: தவசி, அவன் மச்சான் குருந்தன், பங்காளி ஒச்சப்பன். ஆக மூன்று பேர். சமையல்காரர் சோலையப்பனின் செல்போனுக்குள் ஒன்பது பேர்: கொலைகாரன் ஒருவன், அவன் கையால் சாகப்போகிறவர்கள் எட்டு. கூடையில் சின்ன வெங்காயம் நானூற்றுப் பன்னிரண்டு.

தவசியின் தங்கை செவ்வந்திக்கு அன்று நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா கறுத்தபாண்டிக்கு வெங்காயக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. குழம்பு சரியில்லை என்று ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்களை உதறியவர்.

“வாயை மூடிக் கதையைக் கேட்டுக்கிட்டே உரிங்கப்பா. கதை முடியறதுக்குள்ள உரிச்சாகணும்” என்று சொல்லி, செல்போனில் ஒரு ஆடியோ புத்தகத்தைப் போட்டுவிட்டு சோலையப்பன் அடுப்புப் பக்கம் போனார்.

‘எட்டுக் கொலைகள்: ஓர் உண்மைக் கதை’ என்றது ஒரு பெண் குரல்.

தவசி முதல் வெங்காயத்தை உரிப்பதற்குள் ஒரு தையல்காரர் செத்துப்போனார். மூவரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அடுத்து, கொலைகாரன் ஒரு டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

“தொறக்காதீங்க டீச்சர்!” என்று ஒச்சப்பன் போனுக்குள் கத்தினான்.

டீச்சர் திறந்துவிட்டார்.

தவசி பதறிப்போய்ப் போனைப் பிடுங்கியதில் விரல் எங்கோ பட்டது. கதை பின்னால் ஓடியது. செத்துப்போன டீச்சர் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“டேய், உசிரு வந்துருச்சுடா!”

“அப்ப தையல்காரரு?”

இன்னும் தள்ளினார்கள். தையல்காரர் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

சோலையப்பன் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. மும்முரமாக உரிக்கிறார்கள் என்று திருப்தியோடு திரும்பிவிட்டார்.

“விட்டா மறுபடியும் கொல்லுவான். அவன் கத்தி வாங்குறதுக்கு முந்தி போயிரணும்” என்றான் குருந்தன்.

“கத்தி இல்லாட்டி கல்லைத் தூக்குவான். கையில பலமே இல்லாத வயசுக்குப் போகணும்” என்றான் தவசி.

முழுக்கத் தள்ளினார்கள். ‘அந்த வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது’ என்றது குரல். குழந்தை வீறிட்டு அழுதது. தவசி கதையை நிறுத்தினான். அழுகையும் நின்றது.

“தூங்கிட்டான்.”

“பச்சப்புள்ளடா! நல்லா வளர்த்தா இவனே டீச்சராகலாம்.”

ஒச்சப்பன் தன் துண்டால் வேப்பங்கிளையில் தூளி கட்டினான். தவசி போனைப் படுக்கவைத்து ஆட்டினான்.

சோலையப்பன் வந்து கூடையைப் பார்த்தார். “டேய், உரிச்ச வெங்காயம் எங்கடா?”

“மெதுவா பேசுங்கண்ணே. கதை முடியறதுக்குள்ளதானே உரிக்கச் சொன்னீங்க? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.”

அவர் கரண்டியை ஓங்கிய நேரம், “குழம்பு வாசனையே வரலையே” என்று மோப்பம் பிடித்தபடி கறுத்தபாண்டி வந்து நின்றார். தவசி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

கறுத்தபாண்டி தூளிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“எட்டுப் பேரும் பொழைச்சுக்கிட்டாங்களா?”

“எல்லாரும் சௌக்கியம் மாமா.”

“புள்ளைக்குப் பால் குடுத்தீங்களா?”

“இல்லையே.”

“அறிவு வேணாமா? பசியோட வளர்ந்தா திரும்பக் கத்தியத்தானே தூக்குவான்?” என்று மாப்பிள்ளையைப் பால் வாங்கிவர விரட்டினார். “வெங்காயத்தை விடுங்க. தாளிக்கிற சத்தத்துல முழிச்சிருவான். தட்டை இங்கயே கொண்டாங்க, சத்தமில்லாம மாத்திக்குவோம்.”

தட்டு மாற்றினார்கள். எல்லோரும் மோர்ச்சோறு சாப்பிட்டார்கள். போனுக்குள் ஒன்பது பேரும் உயிரோடு இருந்தார்கள். கூடையில் மீதி நானூற்றுப் பதினொன்று.