மாசானம் சொல்லிவிட்டார்

நெல்லைக் கபடி அணியில் வீரர்களுக்குக் கால் பிடித்துவிடுகிறவர் மாசானம். அந்த அணியின் நட்சத்திர வீரன் சேர்மதுரைக்கோ தொடையில் இருக்கிற கட்டுப்பாடு நாக்கில் கிடையாது. அரையிறுதியில் ஜெயித்த மிதப்பில், உடை மாற்றும் அறையிலிருந்து போனில் ஒரு நிருபரிடம், "கூட ஆடுற ஆறு பேரும் நட்டுவச்ச கம்பம். ஜெயிக்கிறது நான் ஒருத்தன்தான்" என்று உளறிவிட்டான். விடிவதற்குள் அந்தக் குரல் பதிவு ஊரெல்லாம் பரவிவிட்டது. ரசிகர்கள் அவன் பேனரைக் கிழித்தார்கள். ஆறு பேரும் இறுதிப் போட்டிக்கு வரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

சேர்மதுரை மாசானத்தைக் கூப்பிட்டான்.

"யோவ், அப்போ நீயும் அறையில இருந்தேல்லா? என் குரல்ல விளையாட்டாப் பேசினது நீதான்னு பத்திரிகைக்காரங்ககிட்டச் சொல்லு. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

மாசானம் தலையாட்டினார்.

பத்திரிகையாளர் சந்திப்பு அரங்கில் மைக்குகள் குவிந்திருந்தன. "அதைப் பேசினது நான்தான் ஐயா" என்றார் மாசானம். பக்கத்தில் சேர்மதுரை நிம்மதியாக மீசையைத் தடவிக்கொண்டான்.

ஒரு பெண் நிருபர் விடவில்லை. "அப்போ சேர்மதுரை எதுவுமே சொல்லலையா?"

"சொன்னாரும்மா" என்றார் மாசானம் பவ்யமாக. "'நான் சொன்னதை நீ சொன்னதாச் சொல்லு'ன்னு சொன்னாரு. சொல்லிட்டேன்."

அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. அத்தனை கேமராவும் சேர்மதுரை பக்கம் பாய்ந்தன. காது சிவக்க எழுந்தவன், "நான்தான் சொன்னேன். தப்புதான், மன்னிச்சிருங்க" என்றான். என்னதான் சொல்கிறான் என்று பார்க்கப் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த ஆறு பேரும் விசிலடித்தார்கள்.

இறுதிப் போட்டிக்கு ஏழு பேரும் இறங்கினார்கள். ஆட்டத்துக்கு முன்னால் சேர்மதுரை வந்து காலை நீட்டினான்.

"கொஞ்சம் மெதுவாப் பிடிங்க, அண்ணாச்சி."