செங்கல் வரிசை

தீர்ப்புச் சொல்ல அவசரப்படுகிறவர்களுக்கு இந்தக் கதை சரிப்படாது. பொறுமை உள்ளவர்கள் கேளுங்கள்.

வடசென்னையில் கால்வாய் ஓரமாக ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பு. நூற்றிருபது வீடுகள். பெண்களில் பாதிப் பேர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். ரேஷன் கடையில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கினால்தான் மாதம் ஓடும். பொருள் போடும் நாளில் விடிவதற்குள் கடை வாசலில் ஆளுக்கொரு செங்கல்லை வரிசையாக வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். கடை திறக்கும் நேரத்துக்கு வந்தால் கல் இருக்கும் இடம் அவர்கள் இடம். அடுத்தவர் கல்லை யாரும் நகர்த்த மாட்டார்கள். காவல் இல்லாமல் வருஷக்கணக்கில் நடந்த நல்ல வழக்கம் அது.

அதற்குள்தான் கொக்கி புகுந்தான். அவனுடைய நிஜப் பெயர் போலீசுக்குத்தான் தெரியும். அதே குடியிருப்புப் பையன்கள் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, முன்வரிசை முழுக்கத் தன் செங்கற்களை அடுக்கினான். பருப்பும் எண்ணெயும் எல்லாருக்கும் போதுமான அளவு வருவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். முன் கல் வேண்டுமென்றால் வாங்கிய எண்ணெய் பாக்கெட்டை அவனிடம் கொடுத்துவிட வேண்டும். மறுத்த ஒருத்தியின் வீட்டுக் கதவு மறுநாள் உடைந்து கிடந்தது. புகார் கொடுத்தார்கள். கொக்கி இரண்டு நாள் காணாமல் போய், மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

முதலில் கழன்றுகொண்டவள் எஸ்தர். வாங்குகிறவளைத்தானே மிரட்டுவான், நான் வாங்கவே போவதில்லை என்று கார்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே இட்லிக் கடை போட்டாள். கடை நன்றாகவே நடந்தது. கொக்கி அவள் பக்கம் திரும்பவில்லை. மற்ற நூற்றுப் பத்தொன்பது வீடுகளையும் விடவில்லை.

செங்கமலத்துக்கு அப்படி விலக வசதியில்லை. புருஷன் இல்லை, பிள்ளைகள் மூன்று. ஒரு மாதம் அவளுக்குப் பொறுக்கவில்லை. கொக்கியின் முதல் கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் நின்றாள். "கல்லு நிக்கலாம், நான் நிக்கக் கூடாதா?" என்று கேட்டாள். கடை திறக்கும்வரை நின்றாள். அடுத்த மாதம் ஒன்பது பேர் நின்றார்கள், அதற்கடுத்த மாதம் நாற்பது பேர். வரிசையில் நின்றால் வேலைக்கு நேரமாகும் அல்லவா? ஏழு வருஷம் பாத்திரம் தேய்த்த வீட்டில் செங்கமலத்தை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

நான்காம் மாதம் கொக்கி, தன் ஐந்து பையன்களில் ஒருவனான தினகரனை அழைத்து, அவளை இழுத்து வெளியே போடச் சொன்னான். தினகரனுக்குப் பத்தொன்பது வயது. அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த எண்ணெயை எங்கிருந்து என்று கேட்காமலே இத்தனை நாள் தாளித்தவள் அவன் அம்மா கஸ்தூரி. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து செங்கமலத்துக்கு முன்னால் நின்றாள்.

"முதல்ல என்னை இழுடா" என்றாள்.

அவன் அம்மாவைப் பார்த்தான், கொக்கியைப் பார்த்தான், நடையைக் கட்டினான். மற்ற நான்கு பையன்களின் அம்மாக்களும் வரிசைக்குள் வந்ததும் அவர்களும் நழுவினார்கள். தனியாகிப்போன கொக்கிக்கு அந்த ஏரியா அதன்பிறகு ஒத்துவரவில்லை. அந்த மாதம் மாடிக்கு மாடி வடை சுட்டார்கள். அப்பாடா என்று மூச்சுவிட்டு எத்தனை நாளாயிற்று.

இனிமேல்தான் சிக்கல். ரேஷன் கடைக்காரர், எடை போட மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும், நீங்களே ஒரு பெயர் சொல்லுங்கள் என்றார். மூன்று பேர் கேட்டார்கள். ரேஷனை நம்பாமல் வாழலாம் என்று முதலில் காட்டியவள் நான் என்றாள் எஸ்தர். எல்லாருக்காகவும் நின்று வேலையை இழந்தவள் நான் என்றாள் செங்கமலம். கஸ்தூரி தனக்காகக் கேட்கவில்லை. மகனுக்கு இப்போது ஒரு வேலை கிடைக்காவிட்டால் நாளைக்கு இன்னொரு கொக்கி வந்து கூப்பிடுவான், அப்போது திரும்பவும் உங்கள் எண்ணெய்தான் போகும் என்றாள். மூவர் சொன்னதிலும் பொய் இல்லை.

வாசகரே, அந்த ஒரு வேலையை யாருக்குக் கொடுப்பது சரி?

விடை: செங்கமலத்துக்கு. எஸ்தர் காட்டிய வழி நல்ல வழிதான், ஆனால் அதில் ஒரு வீடுதான் தப்பியது. அவளுக்குப் பிழைப்பும் இருக்கிறது. தினகரனுக்கு வேலை அவசியம், ஆனால் இந்த வேலை அல்ல. இதைக் கண்டு சொன்னவள் கஸ்தூரியேதான். "என் பையன் எடை போட்டா, பயப்படாம வந்து வாங்குவீங்களா?" என்று கூட்டத்தில் கேட்டாள். ஒருத்தியும் நிமிரவில்லை. அப்படியென்றால் செங்கமலத்தின் பெயரையே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. படியிறங்கும்போது எஸ்தர் அவள் கையைப் பிடித்தாள். "மாவு அரைக்க எனக்கு ஆள் வேணும்க்கா. நாளைக்கு அவனை அனுப்பு. அவன் அரைச்ச மாவுல சுட்ட இட்லியை எல்லாரும் பார்க்க முதல்ல நான் தின்னு காட்டறேன்" என்றாள்.