பாத்திரத்தில் மீந்தது

எபனேசர்புரம் சபைக் குருவானவர் பர்னபாஸ் ஐயருக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் பாடம் கேட்க வந்திருந்த தேவாசீர்வாதத்துக்கு அறுபத்தொன்று. தபால் இலாகாவில் ஓய்வு பெற்றபின் உதவிகுருவானவர். முழுக் குருவானவர் ஆகுமுன் ஒரு வருடம் ஐயரோடு இருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவரை எபனேசர்புரத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

சந்தேகங்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். ஐயர் பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டார். மீதிக் கேள்விகளுக்கு ஏதாவது வேலை கொடுப்பார்.

அந்த வாரக் கேள்வி இது.

“திருவிருந்துல முக்கியம் பாத்திரமா ஐயா, இல்ல பாத்திரத்துல இருக்கிற திராட்சரசமா?”

“இது உங்க கேள்வியா அண்ணாச்சி, சபைக் கமிட்டியோட கேள்வியா?”

தேவாசீர்வாதம் நோட்டை மூடினார். கமிட்டியின் கேள்விதான்.

விஷயம் சொர்ணக்கனியைப் பற்றியது. சின்ன வயதில் அவளுக்குத் தொழுநோய் வந்திருந்தது. குணமாகி முப்பது வருடம் ஆகிவிட்டது. மடங்கிப்போன இரண்டு விரல்கள் மட்டும் நிமிரவில்லை. ஜூன் மாதம்தான் தங்கை வீட்டோடு இருக்க ஊருக்கு வந்தாள். இனி அவளால் யாருக்கும் எதுவும் ஒட்டாது என்று டாக்டரே கோயிலுக்கு வந்து விளக்கிச் சொன்னார். சபையார் எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் நம் சபையாரை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த மாதத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க அவளுக்குப் பின்னால் முழங்கால் போட ஒருவரும் வரவில்லை. மறுமாதம் அவளுக்கு முன்னால் வந்தவர்களிலேயே பாதிப்பேர் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பாத்திரம் பக்கத்தில் வருமுன் எழுந்து போனார்கள். எல்லோரும் வாய் வைத்துக் குடிக்கக் கோயிலில் இருப்பது ஒரே பாத்திரம்; போன மாதம் அதில் அவள் உதடு பட்டிருந்ததே. இப்போது கமிட்டிச் செயலர் கோயில்பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சொர்ணக்கனிக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் கிண்ணம். அதைச் சொல்லத்தான் தேவாசீர்வாதத்தை அனுப்பியிருந்தார்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று ஐயர் கேட்டார்.

“ஒரு ஆளுக்காக நூறு பேரு ரசம் வாங்காமப் போறது சரிதானான்னு இருக்கு. கிண்ணம் வேறயா இருந்தா என்ன, ரசம் ஒண்ணுதான ஐயா?”

“ஞாயித்துக்கிழமை நான் அப்பம் குடுக்கிறேன். பாத்திரத்தை நீங்க பிடிங்க” என்றார் ஐயர்.

ஞாயிற்றுக்கிழமை ஐயரின் மனைவி உலர்திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சிய ரசம், பாத்திரம் நிறையவும் பக்கத்துக் கூஜா நிறையவும் பீடத்தில் இருந்தது. ஐயர் அதன்மேல் ஜெபம் சொல்லி முடித்தார். சபையார் வரிசையாக வந்து கிராதியருகே முழங்காலிட்டார்கள். அப்பத்தை வாங்கினார்கள். தேவாசீர்வாதம் பாத்திரத்தோடு நெருங்கும்போது நெஞ்சில் கைவைத்தபடி பக்தியாக எழுந்து போனார்கள். ஏழு பேர்தான் குடித்தார்கள். நிறைந்த பாத்திரத்தைப் பிடித்துப் பிடித்து அவருக்குக் கை வலித்தது.

எல்லோரும் தங்கள் இடத்துக்குத் திரும்பியபின் சொர்ணக்கனி வந்தாள். பாத்திரத்துக்குள் பார்த்தாள்.

“நிறைய இருக்கே ஐயா. எனக்கு வேண்டாம். நான் குடிக்கலைன்னா மத்தவங்க வந்து குடிப்பாங்க” என்றாள்.

தேவாசீர்வாதம் பாத்திரத்தை நீட்டியபடியே ஐயரைத் திரும்பிப் பார்த்தார். நோட்டில் எழுதி வைத்த எதுவும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

ஐயர்தான், “குடிங்கம்மா” என்றார். அவள் ஒரு வாய் குடித்தாள்.

ஜெபம் சொல்லிப் படைத்த ரசத்தைக் கீழே ஊற்றக் கூடாது, நாளைக்கென்று எடுத்து வைக்கவும் கூடாது. மீந்ததை அன்றைக்கே குடித்துத் தீர்க்க வேண்டும். போன மாதம் மீந்ததை எல்லாம் ஐயர் பீடத்தை ஒட்டிய வெஸ்டிரி அறைக்குள் வைத்துத் தனியாகக் குடித்திருக்கிறார். தேவாசீர்வாதம் அப்போது வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை ஆசீர்வாதம் கூறி முடித்ததும், ஐயர் பாத்திரத்தையும் கூஜாவையும் எடுத்துக்கொண்டு பீடத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு பாத்திரம் குடித்தார். கூஜாவிலிருந்து மறுபடி ஊற்றினார். வீட்டுக்குக் கிளம்பிய சபையார் செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டு அங்கங்கே நின்றார்கள். கோயில்பிள்ளை கிட்டே வந்து, உள்ளே வைத்துக் குடிக்கலாமே என்று காதோடு சொன்னார். முடித்துவிட்டு வருகிறேன் என்றார் ஐயர்.

பிறகு தேவாசீர்வாதத்தைப் பார்த்தார். “கொஞ்சம் உதவி பண்றீங்களா அண்ணாச்சி?”

“எனக்குச் சுகர் இருக்கு ஐயா.”

போன வியாழக்கிழமை கல்யாண வீட்டில் அவர் இரண்டு துண்டு அல்வா வாங்கிச் சாப்பிட்டபோது ஐயர் அடுத்த இலையில்தான் இருந்தார். ஐயர் பாத்திரத்தைத் தூக்கினார். மூன்றாவது பாத்திரம் அவருக்கு லேசில் இறங்கவில்லை.

சொர்ணக்கனி கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள்.

“நான் கொஞ்சம் குடிக்கட்டுமா ஐயா? ஒத்தையாக் கஷ்டப்படுறீங்களே.”

ஐயர் நகர்ந்து இடம் விட்டார். அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து வாங்கிக் குடித்தாள். திருப்பிக் கொடுத்தாள். அவர் குடித்தார். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று அவர் கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றாள் அவள். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் காப்பி குடிப்பது போலத்தான் இருந்தது.

தேவாசீர்வாதத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சபை முழுவதும் பின்னால் நின்று பார்ப்பது முதுகில் தெரிந்தது. அங்கியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

சொர்ணக்கனி உடனே கொடுக்கவில்லை. சேலை முந்தானையால் பாத்திரத்தின் விளிம்பைத் துடைத்தாள். சுற்றிச் சுற்றித் துடைத்தாள். இத்தனை வருடத்தில் எத்தனை இடத்தில் அப்படித் துடைத்துக் கொடுத்தாளோ, அந்த மடங்கிய விரல்களுக்கு அது நன்றாகவே பழகியிருந்தது.

“துடைக்க வேண்டாம்மா” என்றார் தேவாசீர்வாதம். வாங்கி, அடிவரை குடித்தார்.

கூஜா காலியாகும்வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தார்கள். நின்றவர்களில் யாரும் கிட்டே வரவில்லை. யாரும் வீட்டுக்குப் போகவும் இல்லை.

பாத்திரங்களைக் கழுவியபோது வெஸ்டிரியில் ஐயரும் தேவாசீர்வாதமும் மட்டும் இருந்தார்கள். கிண்ணத்தைப் பற்றித் தேவாசீர்வாதம் பேச்சே எடுக்கவில்லை. வேறொன்று கேட்டார்.

“அடுத்த மாசத்துக்கு ரசம் குறைச்சு வைக்கச் சொல்லட்டுமா ஐயா? பத்துப் பேருக்கு இருந்தாப் போதுமே.”

ஐயர் பாத்திரத்தைத் துணியால் துடைத்து அலமாரியில் வைத்தார்.

“சபையில மொத்தம் நூத்தி முப்பது பேரு அண்ணாச்சி. நூத்தி முப்பது பேருக்கும் வைக்கச் சொல்லுங்க.”